சேலையில் ஏறிய கடைத்தெரு

லூசியா: மஸூதாக்கா, அந்தச் சாய வாளிய வச்சிட்டு இப்பிடிக் கிட்ட வாங்க. ஒரு கதை சொல்றேன். கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பீங்க.

மஸூதா: கொழும்பு நோனா மூட்டையத் திருப்பி அனுப்பினதுல இருந்து எனக்குச் சிரிப்பு வாரதில்ல புள்ள. வேற ஆளப் பாரு.

லூசியா: அந்த மூட்டையப் பத்தின கதைதான்.

மஸூதா: அப்ப கட்டாயம் வேணாம். "எல்லா ஊர்லயும் பத்திக் துணின்னா சீகிரியாப் பொம்பளயும் யானையுந்தான், பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு, நீங்க ஒங்க டவுனையே சேலையில போட்டுத் தாங்க"ன்னு கேட்டது யாரு? அவதானே? கடையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கீறி, மெழுகூத்தி, சாயம் போட்டு அனுப்பினா... "சீகிரியாப் பொம்பளய எங்க காணோம்?"ன்னு கேக்குறா.

லூசியா: மலையில இருந்து எறங்கி வர பஸ் கெடைக்கலன்னு சொல்லியிருக்கலாம்.

மஸூதா: நீ சிரி. பெருநாளைக்கு முந்தி இந்தச் சேலையெல்லாம் போகலன்னா இந்த வாடகை வீட்ட ஒப்படைச்சிட்டு நான் நாவுலைக்குப் போகணும். நேத்து அங்க கூடப் பொறந்த நானாவப் பார்த்துக் கதைக்கத்தானே போனேன். மதினி அவ குசினியில எனக்கு ஒரு மூலையக் கூட்டி வச்சிருக்கா. எவ்வளவு அன்பு பாரு... அம்மிக்குப் பக்கத்துல.

லூசியா: எனக்கு மட்டும் மெத்தை போட்டா வச்சிருக்காங்க? ரிவர்ஸ்டன் பக்கம் தோட்டத்துல திரேசம்மா சின்னம்மா எனக்குன்னு ஒரு கூடை எடுத்து வச்சிருக்கு. மெழுகு புடிச்ச கையால கொழுந்து புடுங்கணும், அட்டைக்கு ரெத்தம் குடுக்கணும். அதனாலதான் சொல்றேன்... கதையக் கேளுங்க.

மஸூதா: ம்... சொல்லித் தொலை.

லூசியா: நேத்து விடிய முந்தி நீங்க நாவுலைக்குப் போன பொறகு, நான் பேக்கரி வாசல்ல பாண் கியூவுல போய் நின்னேனா. எனக்கு முன்னுக்கு யாருன்னு நெனைக்கிறீங்க? ஜுனைதீன் மொதலாளி!

மஸூதா: இரும்புக்கடைக்காரரா? அவருமா பாணுக்கு நிக்கிறாரு?

லூசியா: ஆணியத் திங்க ஏலுமா? நான் பின்னால நின்ன பொம்பளகிட்ட சொல்ற மாதிரி, நல்லாச் சத்தமாச் சொன்னேன். "கொழும்பு நோனாமாரெல்லாம் நம்ம மாத்தளைத் திருகோணமலை வீதிய இடுப்புல சுத்தப் போறாங்களாம். அம்புட்டுக் கடையும் சேலையில ஏறிட்டுதாம். பாவம், ஜுனைதீன் மொதலாளி கடை மட்டும் உள்சுத்துல, பாவாடைக்குள்ள சொருகுற எடத்துல வருதாம்"னு.

மஸூதா: அடிப் பாவி! அந்த மனுஷன் காதுல விழுந்தா...

லூசியா: விழணும்னுதானே கத்துனேன்! பாண் வாங்கின கையோட இங்க வந்து நின்னாரு. மொகத்துல தேங்காய் ஒடைக்கலாம். "என்ட வாப்பா காலத்துக் கடைய பாவாடைக்குள்ள சொருகுறதா?"ன்னு.

மஸூதா: யா அல்லாஹ்.

லூசியா: நான் அமைதியா மத்தச் சேலைய விரிச்சேன். நீங்க பொம்பளைங்களெல்லாம் திரை போட்ட வாடகைக் கார்ல டவுனுக்குப் போறப்போ பார்த்தத ஒரு மாதிரியும், திரும்பி வாறப்போ பார்த்தத வேற மாதிரியும் கீறியிருக்கீங்கதானே? போற வழிச் சேலையில உள்சுத்துல கெடக்கிற கடை, வார வழிச் சேலையில முந்தானைக்கு வந்திருது. "இதப் பாருங்க மொதலாளி, முந்தானை. ஒங்க வீட்டம்மா முக்காடு போட்டா ஒங்க கடை நேரா தலைக்கு மேல"ன்னேன்.

மஸூதா: பொறகு?

லூசியா: பொறகென்ன... வாயெல்லாம் பல்லு. கொழும்புக்குப் போறதுக்கு முந்தி ஒண்ணு எடுத்துக்கிறேன்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனாரு. அடுத்தது நகைக்கடைக்காரர். அவருக்கு வேற கியூவுல கத்தினேன். அதுக்கடுத்தது மூலைக்கடை.

மஸூதா: கொழும்பு ஆர்டர் இன்னமும் இருக்குன்னா சொன்னே?

லூசியா: இல்லன்னு சொல்லல.

மஸூதா: ரெண்டும் ஒண்ணுதான் புள்ள. பொய்.

லூசியா: நாவுலைக் குசினியில அம்மிக்குப் பக்கத்துல உக்காந்து உண்மை பேசிக்குவோம்... ஷ்ஷ்! யாரோ வாசல்ல.

பலீல்: அஸ்ஸலாமு அலைக்கும்! வீட்டுல ஆள் இருக்கா? இல்ல, எல்லாரும் கொழும்புக்குப் போயிட்டீங்களா?

லூசியா: அக்கா, செத்தோம். புடவைக்கடை பலீல் மொதலாளி.

மஸூதா: அவர்ட கடை தெருவுக்கு நட்டநடுவுல இருக்கே! போற வழின்னாலும் வார வழின்னாலும் ஒரே எடத்துலதான் வந்து விழும்.

லூசியா: அதத்தான் நான் யோசிக்கல.

மஸூதா: அவருக்கும் கத்தி வச்சியா?

லூசியா: ஒரு வேகத்துல எல்லாருக்கும் கத்திட்டேன்.

மஸூதா: நல்லா இரு. திரைய இழுத்து விடு, நான் உள்ள நின்னு பேசுறேன்... வஅலைக்குமுஸ்ஸலாம் பலீல் நானா! வாங்க, கதிரையில உக்காருங்க.

பலீல்: உக்கார்ற கதைக்குத்தான் வந்தேன் தங்கச்சி. சேலையில என்ட கடை எந்த எடத்துல இருக்குன்னு ஒருக்காக் காட்டச் சொல்லுங்க.

லூசியா: இந்தா மொதலாளி, விரிக்கிறேன். இது உள்சுத்து... இது கொசுவம்... இது இப்பிடியே பின்னால சுத்தி வரும்... இங்க வந்து...

பலீல்: ஏன் நின்னுட்டே? வந்து?

லூசியா: நோனாமார் கதிரையில உக்கார்றாங்கன்னு வச்சிக்கங்களேன்...

பலீல்: வச்சிக்கிட்டேன்.

லூசியா: அவங்களுக்கும் கதிரைக்கும் நடுவுல...

பலீல்: போதும். வெளங்கிட்டுது.

மஸூதா: மனசுல எடுக்காதீங்க நானா. கொழும்பு நோனாமார் பழைய வாங்குப் பலகையிலயெல்லாம் உக்கார மாட்டாங்க.

பலீல்: அல்ஹம்துலில்லாஹ். அப்ப என்ட கடைக்கு மெத்தையும் கெடைக்கும். ஆணி விக்கிற ஜுனைதீன் பொம்பளைங்கட தலையில ஏறிட்டாரு. காலையில ரோட்டுல கண்டேன், நடக்கிறாரா மெதக்கிறாரான்னு தெரியல. ஊருக்கே துணி குடுத்த எனக்கு இந்த எடமா?

மஸூதா: தெருவுல எந்தக் கடை எங்க இருக்கோ, அந்த ஒழுங்குலதான் சேலையிலயும் இருக்கு. நீங்க தெருவ மாத்திட்டு வாங்க, நான் சேலைய மாத்தித் தாரேன்.

பலீல்: திரைக்கு அங்கிட்டு நின்னாலும் வாய் மட்டும் இங்கிட்டுத்தான் நிக்கிது.

லூசியா: துணி மெல்லிசு மொதலாளி. இந்தக் காலத்துல கெட்டித் துணி எங்க வருது?

பலீல்: அத என்னட்டயா சொல்றே? வெளிநாட்டுச் சீத்தைத் துணி வாரது நின்னதுல இருந்து என்ட அலுமாரியில இருக்கிறது தூசியும் நானும்தான். சரி, எடத்த விடுங்க. அகலத்துக்கு வாறேன். ரெண்டு மாட்டுவண்டி சேந்து நிக்கிற அகலம் என்ட கடை வாசல். இங்க என்னடான்னா ஈக்கில் மாதிரி ஒடுங்கிப் போய் நிக்கிது. ஒவ்வொரு கடையும் அப்பிடித்தான். ஒரு துண்டு சுவர், ஒரு துண்டு கதவு, போர்டுல அரைவாசி எழுத்து... என்ட பேர்ல பாதிய எங்க விட்டீங்க?

மஸூதா: ரோட்டுல விட்டுட்டேன் நானா. கார்த் திரையில நாங்க ரெண்டு விரலால ஒதுக்குற இடைவெளி அவ்வளவுதான். கார் ஓடுறப்ப அதுக்குள்ள எது தெரிஞ்சுதோ அதக் கீறினேன். பொம்பள தெருவப் பார்க்க எவ்வளவு அகலம் போதும்னு நீங்களெல்லாம் கூடி முடிவு பண்ணினதுதானே? அந்த அளவுல நூல் புடிச்ச மாதிரி இருக்கு.

பலீல்: ம்... அளவுக்குக் கொறை சொல்ல ஏலாது.

லூசியா: கொழும்புல இதுக்கு மொடர்ன்னு பேராம் மொதலாளி.

பலீல்: பேர் எதுவாயும் இருக்கட்டும். இப்பத்தான் பெரிய வழக்குக்கு வாறேன். செட்டியார் கடை தொறந்திருக்கு. பேக்கரி தொறந்திருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பணிஸ்கூட தெரியுது. சைக்கிள் கடை தொறந்திருக்கு. என்ட கடை மட்டும் ஏன் பூட்டிக் கெடக்கு?

லூசியா: இருக்காது... அட, ஆமா!

பலீல்: ஜுனைதீன்டயும் பூட்டு. நகைக்கடையும் பூட்டு. எங்கட ஆளுங்க கடை ஒண்ணு விடாம பலகை போட்டு மூடிக் கெடக்கு. தெருவுல பாதிப் பேர் யாவாரம் முறிஞ்சு போயிட்டாங்கன்னு கொழும்புக்கே பறை அடிக்கிறீங்களா?

லூசியா: அக்கா... இத நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே?

மஸூதா: இதுல சொல்ல என்ன இருக்கு? நாங்க டவுன் பக்கம் எப்ப போறது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். தெருவுல ஆம்பளைங்க இல்லாத நேரமாப் பார்த்துத்தானே எங்கள அந்த வாடகைக் கார்ல அடைச்சு ஏத்தி விடுறீங்க. ஓட்டுற ரபாயேலுக்கு ஜும்ஆ இல்ல, ஒங்களுக்கு இருக்கு. நீங்கெல்லாம் கடையப் பலகை போட்டுட்டுப் பள்ளிக்குப் போயிருப்பீங்க. தொறந்து கெடக்கிற ஒங்கட கடைய நான் பொறந்ததுல இருந்து கண்டதே இல்ல நானா.

பலீல்: பொறந்ததுல இருந்தா?

லூசியா: மொதலாளி? தண்ணி ஏதும் கொண்டாரவா?

பலீல்: இரு... அப்ப என்ட வீட்டுல ஹமீமா? அவளும் அந்தக் கார்லதானே வாரது?

மஸூதா: என்ட பக்கத்துலதான் இருப்பா. திரையில பாதி அவட, பாதி என்ட.

பலீல்: அப்ப அவளும்...

மஸூதா: பூட்டின கடைதான் கண்டிருக்கா. "அவரு எந்நேரமும் யாவாரம் யாவாரம்னு ஓடுறாரு மஸூதா, நான் பார்க்கிற நேரமெல்லாம் கடை பூட்டியேதான் கெடக்கு, மனுஷன் எங்கதான் போறாரோ"ன்னு கேப்பா.

லூசியா: ஐயோ மொதலாளி, இது சேலைய விடப் பெரிய வழக்கா இருக்கே!

பலீல்: நீ வாய மூடு புள்ள... இத்தன வருஷமா அந்த மனுஷி மனசுல இதையா வச்சிருந்தா? கேட்டிருக்கலாமே.

மஸூதா: பொம்பள ஒரு கேள்வி கேட்டா நீங்க ஒம்பது கேள்வி கேப்பீங்க. அதனால சும்மா இருந்திருப்பா.

பலீல்: சரி... அது என்ட வீட்டு வழக்கு. நான் பார்த்துக்கிறேன். பூட்டின கடைய யாரு உடுத்துவா? அதச் சொல்லுங்க.

மஸூதா: ஒரு நிமிஷம் யாவாரிக் கண்ணக் கழட்டி வச்சிட்டுப் பாருங்க நானா. லூசியா, அந்த எடத்த வெளிச்சத்துல புடி. பலகை ஒவ்வொண்ணா நெட்டுக்கு நிக்கிது பாருங்க. மாறிப் போகாம இருக்க நீங்க சுண்ணாம்பால நம்பர் போட்டு வச்சிருக்கீங்களே, அதையும் விடல. அந்த நம்பர் வெள்ளையா நிக்கிறதுக்காக அதுல மொதல்ல மெழுகு வச்சோம். பொறகு மஞ்சள் சாயம். மேல மெழுகு. பொறகு செவப்பு, கடைசியா நீலம். மெழுகு காஞ்சு வெடிச்ச எடத்துக்குள்ள நீலம் ஓடியிருக்கு பாருங்க, மழையில உரிஞ்ச பெயின்ட் மாதிரி... அது நாங்க செஞ்சதில்ல, தானா வந்தது. தொறந்த கடையில இதெல்லாம் எங்க தெரியும்? ஒரு இருட்டுப் பொந்துதான் தெரியும்.

பலீல்: இது என்ன, கதவுக்கு மேல? தோடம்பழத்த வெட்டிக் கவுத்து வச்ச மாதிரி?

மஸூதா: ஒங்கட கடையோட அரைவட்டக் கண்ணாடி சன்னல். பச்சை, செவப்பு, மஞ்சள். ஒரு கண்ணாடி ஒடைஞ்சு அங்க தகரம் அடிச்சிருக்கீங்க. தகரத்தையும் போட்டிருக்கேன். திருத்தினீங்கன்னா சொல்லுங்க, திருத்திக் கீறுறேன்.

பலீல்: அத... நான் மறந்தே போனேன் தங்கச்சி. உள்ள உக்காந்து ரோட்டப் பார்த்துக்கிட்டிருக்கிறவன் நான். என்ட கடை மொகத்த நான் எங்க பார்த்தேன்? காலையில பலகையக் கழட்டுற அவசரம், அந்திக்குப் பூட்டுற அவசரம்... அண்ணாந்து பார்க்கிறதே இல்ல.

லூசியா: கழுத்து சுளுக்கிக்கும் மொதலாளி, மெதுவாப் பாருங்க.

மஸூதா: இன்னொண்ணும் சொல்றேன். இந்தக் காலத்துல பூட்டின கடைதான் கௌரவம். பூட்டியிருந்தா உள்ள பம்பாய்ச் சேலையா அடுக்கி வச்சிருக்காங்கன்னு சனம் நெனைக்கும். தொறந்தாத்தானே தூசியும் நீங்களும் தெரியுறது?

பலீல்: வாய்... இந்த வாய்! திரைக்குப் பதிலா ஒரு சுவரே கட்டியிருக்கணும்.

லூசியா: அதுலயும் அக்கா சன்னல் கீறிருவாங்க.

பலீல்: ம்ம்... எத்தன சேலை மிச்சம் இருக்கு?

லூசியா: மூட்டைதான். மூணு பேர்தானே எடுத்திருக்காங்க.

பலீல்: எல்லாத்தையும் கட்டு.

லூசியா: எ... எல்லாத்தையுமா?

பலீல்: காதுல மெழுகா? கட்டுன்னா கட்டு. பெருநாளைக்கு என்ட அலுமாரியில தொங்க விட ஒரு முழத் துணி இல்ல.

மஸூதா: அந்த எடம்... அந்த உக்கார்ற எடம்... பரவாயில்லையா நானா?

பலீல்: கடைக்கு வாறவங்கள முதல்ல என்ன சொல்றோம்? உக்காருங்கன்னுதானே. உக்காரட்டும். மாத்தளைப் பொம்பளைங்க எல்லாரும் வந்து என்ட கடையில உக்காரட்டும். ஜுனைதீன் தலையிலயே நிக்கட்டும், காலு நோகும்.

லூசியா: அக்கா! நான் கட்டுறேன், நீங்க ஒண்ணும் பேசாதீங்க. மொதலாளி, கயிறு இருக்கு, சாக்கு இருக்கு, தூக்கி வேற தாரேன்.

மஸூதா: பொறு லூசியா.

லூசியா: பொறுக்கிறதுக்கு ஒண்ணுமில்லக்கா. கட்டியாச்சு.

மஸூதா: அவுழ்த்து வை.

லூசியா: நாவுலைக் குசினிய நெனச்சுப் பாருங்க... அம்மி... மதினி...

மஸூதா: எல்லாத்தையும் நெனச்சுட்டேன். பலீல் நானா, ஒரு விஷயம் சொல்லணும். சொன்ன பொறகு ஒங்க இஷ்டம். கொழும்பு ஆர்டர்னு ஒண்ணு இல்ல. நோனா வேணாம்னு மூட்டையோட திருப்பி அனுப்பிட்டா. இந்தப் புள்ள கியூவுல நின்னு கத்தினது எல்லாம் எங்கட வயித்துக்காக. நோனா வேணாம்னு தள்ளின சரக்குத்தான் இப்ப ஒங்க முன்னால கெடக்கு. போட்டி போட்டு வாங்குறீங்கன்னு நெனச்சிட்டு வாங்காதீங்க. ஏமாத்திட்டு இந்த வீட்டுல குந்தியிருக்கிறதுக்கு, நான் நாவுலைக்கே போறேன்... என்ன நானா, கோவமா?

லூசியா: போச்சு. கூடையக் கழுவச் சொல்லி அனுப்புறேன்.

பலீல்: யாரும் எங்கயும் போக வேணாம். மூட்டையத் திருப்பிக் கொண்டாந்த நோனாட கார் வந்து நின்னதே என்ட கடை வாசல்லதான் தங்கச்சி. ஒங்கட வீடு தேடி அலைய நேரமில்லன்னு மூட்டைய என்ட மேசையில போட்டுட்டுப் போயிட்டா. ரபாயேல் கையில இங்க குடுத்தனுப்பினது நான். குடுத்தனுப்ப முந்தி நாங்க நாலு கடைக்காரரும் பலகையச் சாத்திட்டு உள்ள உக்காந்து ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தோம். தன்ட கடையில எந்தப் பலகை வெடிச்சிருக்குன்னு ஜுனைதீன் அன்னைக்குத்தான் கண்டாரு, மனுஷனுக்குக் கண்ணு கலங்கிட்டுது. எல்லாருக்கும் வேணும், ஆனா வாங்க வர ஒருத்தனுக்கும் தைரியமில்ல. நோன்புக்கு அனுப்பின அரிசி மூட்டைய "நான் கை நீட்டினேனா"ன்னு கேட்டு எங்கட தலையிலயே திருப்பி ஏத்தி விட்ட ஆளுதானே நீங்க? சேலை வேணும்னு வந்து நின்னா, எரக்கப்பட்டு வந்தீங்களான்னு கேட்டுக் கதவச் சாத்துவீங்க. என்ன செய்யிறதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தப்பத்தான் இந்தப் புள்ள கியூவுல நின்னு கத்தினா. அப்பாடான்னு ஆச்சு, சண்டை புடிக்க வாறவனுக்கு நீங்க எந்தக் காலத்துலயும் கதவச் சாத்தினதில்லயே! அதனால ஒவ்வொருத்தரா மொறை வச்சு மொகத்தக் கடுப்பாக்கிக்கிட்டு வந்தோம். எடமும் அகலமும் பூட்டும் பொய் வழக்கு, ஹமீமா கதை மட்டும்தான் எனக்கும் புதுசு. இது எரக்கத்துக்குக் குடுக்கிற தர்மமில்ல. நம்பலன்னா மூட்டைய எண்ணிப் பாருங்க, வித்த மூணு போக இன்னும் ஒண்ணு கொறையும். அத ரபாயேல் வாறதுக்கு முந்தியே நான் ஹமீமாவுக்கு எடுத்துட்டேன், அதுக்கும் சேத்துத்தான் இப்ப தரப் போறேன். உடுத்திக்கிட்டுக் கண்ணாடிக்கு முன்னால திரும்பித் திரும்பி நிக்கிறா, ஒங்கட கடை எங்கங்க, எங்கங்கன்னு... எந்த வாயால சொல்லுவேன்? லூசியா, மூட்டையத் தூக்கு. தங்கச்சி, அல்லாஹ் இந்த வீட்டுக்குப் பரக்கத்தக் கொட்டட்டும். ஒங்க ரெண்டு பேர் கைக்கும் சொகத்தக் குடுக்கட்டும். இந்த வீட்டுல எரியிற அடுப்பு எரிஞ்சுகிட்டே இருக்கட்டும், இதுக்குள்ள வாறவங்க எல்லாரும் வயிறு நெறைஞ்சு, மனசு நெறைஞ்சு போகட்டும். ஆமீன்.